வாடகை வீடும் சாதியும்: ‘என் வீடு, என் விருப்பம்’ என்பது சட்டமாகுமா?

கடற்கரையை ஒட்டிய சிற்றூர்களில் ஒரே தெருவில் இரண்டு வகை வாடகை நடைமுறையில் உள்ளது. ஒன்று, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விடப்படும் அறை. மற்றொன்று, ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர், மாணவர் ஆகியோர் மாதக் கணக்கில் தேடும் வீடு. முதலாவதற்குப் பெரும்பாலும் ஆதார் நகலும் முன்பணமும் போதும். இரண்டாவதில், வாடகைத் தொகையைப் பேசுவதற்கு முன்பே சாதி விசாரணை தொடங்கிவிடுகிறது.

அந்த விசாரணை நேரடியாக நடப்பதில்லை. ‘சொந்த ஊர் எது, எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எங்கே இருக்கிறது’ என்ற கேள்விகளாக வருகிறது. மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊரிலேயே ‘சைவம் மட்டும்’ என்ற நிபந்தனையாகவும் வருகிறது. மறுப்பும் அப்படியே. ‘சொந்தக்காரர்கள் வருகிறார்கள்’ என்பார்கள்; ‘வாடகைக்கு’ என்ற பலகை மறுநாளும் வாசலில் தொங்கும். பெருநகரில் ஒருவர் மறுத்தால் வேறு பகுதிக்குப் போகலாம். சிற்றூரில் ஒரு வீட்டார் அறிந்தது அன்று மாலைக்குள் தெரு முழுவதும் அறிந்ததாகிவிடும். எஞ்சுவது பக்கத்துக் கிராமத்துச் சேரியிலிருந்து அன்றாடம் பேருந்தில் வந்துபோகும் வாழ்க்கைதான்.

இது புதிய அனுபவம் அன்று. 1917இல் அமெரிக்காவிலும் இலண்டனிலும் படித்துத் திரும்பி, பரோடா அரசுப் பணியில் சேரச் சென்ற அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி என்ற பெயரில் ஒரு விடுதியில் தங்கினார். அடையாளம் தெரிந்ததும் தடிகளோடு வந்த கும்பல் அவரை வெளியேறச் செய்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின், சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் டெல்லியிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசியில் வீடு கேட்ட தலித்துகளில் சுமார் 18 விழுக்காட்டினர் நேரடியாகவே மறுக்கப்பட்டனர். உயர்சாதிப் பெயரில் கேட்டவர்களுக்கு அந்த மறுப்பு நேரவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

‘என் வீட்டை யாருக்கு விடுவது என்பது என் விருப்பம்’ என்ற வாதத்தைப் படித்தவர்களும் ஒப்புக்கொள்கின்றனர். அது பாதி உண்மை. வாடகை கட்ட வழியில்லாதவரை மறுக்கலாம். சாதியைக் காரணமாக்கி மறுப்பது குற்றம்.

நாள் வாடகை அறையைப் பொறுத்தவரை ஐயத்துக்கே இடமில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) விடுதிகளில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ‘விடுதி’ என்பதில் தங்கும் இல்லங்களையும் சேர்த்துள்ளது. ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 4, உட்பிரிவு 8 இன்னும் விரிவானது. எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ, பெறவோ, அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பெயரால் தடை விதிப்பது தண்டனைக்குரியது. அதாவது மாத வாடகை வீட்டையும் இச்சட்டம் தொடுகிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அதனுடன் அபராதம். மேலும், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் எனில், அச்செயல் தீண்டாமையின் பெயராலேயே செய்யப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 12. அப்படியல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை எதிரியுடையது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது. வணிகத்தில் வழக்கமாக எந்த நிபந்தனைகளில் ஒன்று செய்யப்படுமோ, அந்த நிபந்தனைகளில் செய்ய மறுப்பதும் இதன் வரையறைக்குள் வருகிறது. சாதி தெரிந்தபின் குடியிருப்பவரை வெளியேறச் செய்வது அதே சட்டத்தில் தனிக் குற்றம்.

இடைவெளிகள்

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம், வாடகை, வெளியேற்றம் ஆகியவற்றையே பேசுகிறது. ஒப்பந்தத்துக்கு முன்பே வாசலில் நிகழும் மறுப்பு அதன் அக்கறையில் இல்லை. கடலோரத்தில் பெருமளவில் வாழும் தலித் கிறித்தவர்களை 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. எனவே வன்கொடுமைச் சட்டமும் பிரிவு 12இன் அனுமானமும் அவர்களுக்குக் கிட்டுவதில்லை. பிரிவு 4 மட்டும் ‘எந்த நபருக்கு எதிராகவும்’ என்பதால் எஞ்சி நிற்கிறது. மெய்ப்பிக்கும் சுமை அவர்கள்மீதே விழுகிறது.

நாம் செய்ய வேண்டியது

இவ்வழக்குகள் பெரும்பாலும் சான்று இல்லாமையால் தொடங்கும் முன்பே முடிந்துபோகின்றன. ஆகவே வீடு தேடும் நாளிலிருந்தே பதிவு தொடங்க வேண்டும். ‘வாடகைக்கு’ பலகையைத் தேதியோடு படம் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலையும் அழைப்புப் பதிவையும் அழிக்காமல், அதே கைபேசியிலேயே வைத்திருக்க வேண்டும்; பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63 கோரும் சான்றிதழோடு அவை நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கவை. மறுப்புக்குப் பின் வேறு சாதி நண்பர் ஒருவர் அதே வீட்டைக் கேட்கட்டும். அவருக்கு வீடு ‘காலியாக’ இருந்தால், ‘சொந்தக்காரர்கள் வருகிறார்கள்’ என்ற சாக்கு அங்கேயே உடைகிறது. காவல் நிலையம் புகாரைப் பதிய மறுத்தால், மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். அதன்பின் நடுவரை அணுகலாம். வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 18அ, முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது. இதை மனுவிலேயே குறிப்பிடுவது நல்லது.

வீடு தேடி அலையும் ஒருவரால் வழக்கையும் தனியே சுமக்க இயலாது. கல்லூரி இருக்கும் ஒவ்வொரு கடலோர ஊரிலும் மாணவர் அமைப்புகள் இம்மறுப்புகளைத் தெரு வாரியாக, தேதி வாரியாகத் தொகுக்கத் தொடங்கினால், ‘இங்கே அப்படியெல்லாம் எதுவும் இல்லை’ என்னும் ஊரின் பதிலுக்கு எதிரே வைக்க நம்மிடம் ஓர் ஆவணம் இருக்கும். வழக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.