அம்மா ஏன் வேதத்தை மூடி வைத்தார்கள்?



ஊரில் தனியே இருந்த உங்கள் தாயாரை மும்பைக்கோ, டில்லிக்கோ, பெங்களூருக்கோ அழைத்து வந்திருக்கிறீர்கள். அதிகாலையில் எழுந்து வேதம் வாசித்த அவர்கள் இப்பொழுது அதைத் திறப்பதில்லை. காப்பித் தம்ளரைத் தட்டிவிடுகிறார்கள். சபையாரை எதிரே கண்டும் காணாதவர்போல் கடந்து போகிறார்கள். "வயதாகிவிட்டது, மனம் சோர்ந்துவிட்டது" என்று எண்ணுகிறீர்கள். ஒருவேளை குறைந்திருப்பது அவர்களுடைய பார்வையாக இருக்கலாம். ஊர் வீட்டின் படியும் அடுப்படியும் அவர்கள் கைக்கும் காலுக்கும் பழகியவை. ஆகவே அங்கே குறை தெரியவில்லை. நகரத்து வீடு அதை வெளிப்படுத்திவிட்டது.

முதலில் முழுப் பரிசோதனை

2015 முதல் 2019 வரை நம் தேசத்தில் நடந்த கணக்கெடுப்பின்படி, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 1.99 சதவீதத்தினர் பார்வையிழந்தவர்கள். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்புரையே காரணம். புரையை அறுவைச் சிகிச்சையால் நீக்கலாம். ஆனால் விழித்திரையின் மையப்பகுதி முதுமையில் தேய்வதாலும், கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோயாலும், நீரிழிவாலும் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. எஞ்சியதைக் காப்பதற்கே சிகிச்சை. கிளாக்கோமாவுக்குத் தந்த சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது; ஜெபத்தோடு மருந்தும் தொடரட்டும்.

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை"

இவ்வார்த்தையைக் கேட்டுத் திரும்பிய குடும்பங்கள் பல. மருந்தும் அறுவையும் முடிந்தன என்பதே அதன் பொருள். குறைபார்வைப் பராமரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடி அணிந்தும் நல்ல கண்ணின் பார்வை 6/18-க்குக் கீழே இருந்தால் அது குறைபார்வை. மற்றவர் 18 மீட்டர் தூரத்தில் காணும் எழுத்தை இவர் 6 மீட்டரிலும் காண இயலாது. ஆயினும் ஒளி முற்றும் அணைந்துவிடவில்லை.

'லோ விஷன் கிளினிக்'கில், எந்த வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று முதியவரிடமே கேட்பார்கள். வாசிக்கவா, ஊசி கோர்க்கவா, பேருந்து எண்ணைப் பார்க்கவா? அதற்கேற்பக் கருவி தருவார்கள். பூதக்கண்ணாடியின் சக்தி கூடக்கூட, ஒரே நேரத்தில் தெரியும் எழுத்துகள் குறையும். ஆகையால் கடையில் வாங்கிய கண்ணாடி பலருக்கு உதவுவதில்லை. விழித்திரையின் மையம் கெட்டவர் சற்றே பக்கவாட்டில் நோக்கவும், பக்கப்பார்வை குறைந்தவர் தலையைத் திருப்பிப் பார்த்து நடக்கவும் பயிற்சி உண்டு. ஐதராபாத் எல்.வி.பிரசாத், சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் ஆகிய கண் மருத்துவமனைகளில் இச்சேவை உள்ளது. இது பெரும்பாலும் பெருநகரங்களிலேயே கிடைக்கிறது. ஊரில் கிடைக்காத உதவி, உங்கள் வீட்டிலிருந்து ஒரு பேருந்துப் பயணத்தில் இருக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

விளக்கைப் புத்தகத்தின் அருகே, கண்ணில் கூசாதபடி பக்கத்தில் வையுங்கள். வெள்ளைச் சோற்றைக் கருநிறத் தட்டில் பரிமாறுங்கள். படியின் விளிம்பில் மஞ்சள் நாடா ஒட்டுங்கள். காலை மருந்துக்கு ஒரு ரப்பர் வளையமும், இரவு மருந்துக்கு இரண்டும் மாட்டுங்கள். நாற்காலியை இடம் மாற்றினால் சொல்லிவிடுங்கள். சபையில் ஸ்தோத்திரம் சொல்லும்போது உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும்.

இல்லாதவை தெரிகின்றனவா?

பார்வை குறைந்த முதியோரில் சிலருக்கு, அறையில் சிறுபிள்ளைகளோ, பூக்களோ, அறியாத முகங்களோ தெரிவதுண்டு. கண்ணிலிருந்து செய்தி குறையும்போது மூளை தானே உருவங்களைப் படைத்துக்கொள்கிறது. சுவிட்சர்லாந்து அறிஞர் சார்லஸ் போனே தம் பாட்டனாருக்கு நேர்ந்த இதனை 1760-இல் எழுதி வைத்தார். அவர் பெயராலேயே இன்று அழைக்கப்படுகிறது. அவ்வுருவங்கள் பேசுவதில்லை, மெய்யல்ல என்பதும் பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். எனினும், பைத்தியம் என்பார்களோ, அசுத்த ஆவி என்பார்களோ என்று அஞ்சி மறைக்கிறார்கள். பிரியமானவர்களே, அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆவியைத் துரத்த முற்படாதீர்கள். கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். குரல்களும் கேட்டாலோ, மனக்குழப்பம் இருந்தாலோ, வேறு காரணம் உண்டா என்று பொது மருத்துவரிடமும் காட்டுங்கள். திடீரென்று மின்னல்போல் ஒளி தோன்றினாலும், திரை விழுந்தாற்போல் மறைத்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்றிரவு அருகில் அமர்ந்து கேளுங்கள்: "அம்மா, எதைச் செய்ய முடியாமற்போனது உங்களுக்கு அதிக வருத்தம்?" அவர்கள் சொல்லும் பதிலே கிளினிக்கில் நீங்கள் சொல்லவேண்டிய முதல் வார்த்தை. ஒருவேளை அது, மூடி வைத்த அந்த வேதமாகவே இருக்கலாம்.