வாப்பாவின் மணிக்கூடு சொன்ன கணக்கு

சவூதிக்கோ குவைத்துக்கோ உழைக்கப் போனவர்கள் உள்ள வீடுகளில், அலுமாரியின் உள் தட்டிலே ஒரு பழைய மணிக்கூடு கிடக்கும். அது ஓடாது, எறியவும் மனம் வராது. அது எந்த வகை, எந்தக் காலத்தது என்று கண்டறிவது பெரிய வித்தையல்ல, சகோதரிகளே! நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

எங்கள் வாப்பா விட்டுச் சென்றது ஒரு 'சீக்கோ 5'. ஜப்பானில் 1963இல் அறிமுகமான வரிசை இது. பற்றரி வேண்டாம், கை அசைவிலேயே முறுக்கேறி ஓடும். அவர் மௌத்தான பின், நானா அதைக் கடையொன்றில் கொடுத்துப் புதியது வாங்க எண்ணினார். "இது பல மணிக்கூடுகளின் பாகங்களைச் சேர்த்துப் பொருத்தியது. ஒன்றும் பெறாது" என்று சொல்லிவிட்டார்களாம். உம்மாவின் முகம் வாடிப்போயிற்று.

அன்றிரவு மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தோம். பின்மூடியில் 7009-3040 என்றிருந்தது. முதல் நான்கு இலக்கங்கள் உள்ளேயிருக்கும் இயந்திரத்தின் எண். அடுத்த நான்கு வெளிக்கூட்டின் எண். இரண்டும் சேர்ந்ததே அதன் வகை. முகப்பின் அடியில், 6 மணிக்குக் கீழே, மிக நுண்ணிய எழுத்துக்களிலும் 7009 என்றே தொடங்கியது. மணிக்கூடு திருத்துபவர் மூடியைத் திறந்தபோது இயந்திரத்திலும் அதே எண். மூன்றும் ஒத்திருந்ததால் வேறு முகப்போ வேறு இயந்திரமோ மாற்றப்பட்டிருக்கும் என்ற சந்தேகம் நீங்கியது. கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் வந்தது. அரபு நாடுகளில் விற்பதற்கென்று செய்யப்பட்டவற்றில் அப்படித்தான் இருக்கும்.

பின்மூடியில் தனியாக இன்னோர் ஆறிலக்கத் தொடரும் உண்டு. எங்களுடையது 9N என்று தொடங்கியது. முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். அடுத்தது மாதம்: 1 முதல் 9 வரை ஜனவரி தொடக்கம் செப்டெம்பர், பூச்சியம் ஒக்டோபர், N நவம்பர், D டிசம்பர். ஆகவே இது ஒரு நவம்பரில் செய்யப்பட்டது. ஆனால் 1979ஆ, 1989ஆ? 7009 இயந்திரம் எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் செய்யப்பட்டதால் எண் மட்டும் விடை தராது.

விடை வாப்பாவின் பழைய கடவுச்சீட்டில் இருந்தது. 1979 ஜனவரியில் போனவர் 1986இல் ஒரேயடியாகத் திரும்பிவிட்டார். அப்படியானால் 1979 நவம்பர்தான்.

"முதல் சம்பளத்தில் வாங்கியது என்றல்லவா நினைத்திருந்தோம்? அப்போது இந்த மணிக்கூடு செய்யப்படவே இல்லையே!" என்றார் நானா.

உம்மா சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "முதல் சம்பளம் ஏஜென்சிக் கடனுக்குப் போனது மகன். அதற்குப் பிந்தியவை அடகிலிருந்த என் காப்புகளை மீட்கப் போயின. தனக்கென்று ஒன்று வாங்க உங்கள் வாப்பாவுக்கு ஒரு வருடமாவது சென்றிருக்கும்" என்றார்.

நானா அதன்பின் விற்கும் பேச்சையே எடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்றிருந்தால் சில விடயங்களைக் கவனியுங்கள். பின்மூடியை மினுக்கக் கொடுக்காதீர்கள், எண்கள் தேய்ந்துவிடும். கத்தியால் நெம்பித் திறக்காதீர்கள். நீர் புகாது என்று எழுதியிருந்தாலும் பழைய இறப்பர் வளையம் உக்கியிருக்கும். ஒளுச் செய்யும்போது கழற்றி வையுங்கள். இந்த 7009 வகைக்குத் திருகாணியால் சாவி கொடுக்க முடியாது. மெதுவாக அசைத்துத்தான் ஓடவைக்க வேண்டும். திருத்தக் கொடுக்குமுன் எண்களை ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

கூடவே, வீட்டிலுள்ள மூத்தவர்களிடமும் கேளுங்கள். மணிக்கூடு எப்போது செய்யப்பட்டது என்பதை எண் சொல்லும். அதை வாங்க ஏன் அவ்வளவு காலம் சென்றது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.