வியாழக்கிழமை மாத்திரை

தில்லித் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் என்றால் முருங்கைக்காய், கறிவேப்பிலை, மீன். மூட்டுவலிக்காரர்களுக்கு அது எய்ம்ஸுக்குப் போய்த் திரும்பும் வழியும்கூட. மெட்ரோவில் ஒரே ஒரு நிலையம்தான் இடைவெளி. ஒரே துணிப்பையில் லேப் ரிப்போர்ட்டும் சேப்பங்கிழங்கும் வீடு வந்து சேர்வது இங்கே சகஜம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கிட்வாய் நகர், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஒரு மாமிக்குக் காலையில் விரல் மடங்கவில்லை என்றால், முதலில் ‘வாயு’ என்பார்கள், அப்புறம் தில்லிக் குளிர் என்பார்கள். டாக்டரிடம் போனாலும் கையிருப்பு குறைவுதான். காதில் இரைச்சல் கேட்கும் அளவுக்கு ஆஸ்பிரின், அது போதாவிட்டால் தங்க உப்பு ஊசி, நடுவில் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு சில நாளிலேயே வீக்கத்தை இறக்கிவிடும் என்பதால் பழைய சீட்டைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்கித் தின்றவர்கள் உண்டு. முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது. லேசான மருந்தில் தொடங்கி மெல்ல மெல்ல மேலேறுவதுதான் அன்றைய வைத்திய முறை. பலமான மருந்து வருவதற்குள் மூட்டு அரித்துப் போயிருக்கும்.

பரிசோதனை என்று பார்த்தால் இரண்டே. ஒன்று ஈ.எஸ்.ஆர்.: ரத்தத்தைக் குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்று பார்ப்பது. இன்னொன்று முடக்குவாதத்துக்கான (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) ஆர்.ஏ. ஃபேக்டர். நோயே இல்லாத முதியவர்களுக்கும் அது பாசிட்டிவாக வரும், முடக்குவாதம் உள்ள சிலருக்கு நெகட்டிவாகவும் வரும். ‘ஆர்.ஏ. இல்லை’ என்ற அந்த ஒற்றைத் தாளை நம்பி வலியோடு கிடந்தவர்கள் எத்தனை பேரோ.

கதையைத் திருப்பிய மருந்துக்குச் சென்னைத் தொடர்பு உண்டு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் போன எல்லாப்பிரகட சுப்பாராவ், பிறகு அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழுவிலிருந்துதான் 1940களில் மெத்தோட்ரெக்சேட் வந்தது. புற்றுநோய்க்கென்று வந்த மருந்து. மிகக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது 1988இல்தான். சுப்பாராவ் 1948இலேயே காலமாகிவிட்டார்.

இன்று நோய் உறுதியானதும் பெரும்பாலும் இந்த மருந்தில்தான் தொடங்குகிறார்கள். ஆபத்து அதன் பெயரில் இல்லை, கிழமையில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். பழக்க தோஷத்தில் தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். வியாழன் என்றால் வியாழன் என்று பட்டையின் மேலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஃபோலிக் அமிலத்துக்கு வேறொரு நாள். மாத்திரை 2.5 மில்லிகிராமிலும் வரும், 10இலும் வரும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் எண்ணிக்கை சரியாக இருந்தும் அளவு நான்கு மடங்காகிவிடும். கருத்தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

ரத்தப் பரிசோதனையின் வேலையும் இதோடு மாறிப்போனது. அன்று அது நோயைத் தேடியது. இன்று சில வாரங்களுக்கு ஒருமுறை எடுக்கும் பெரும்பாலான பரிசோதனைகள் மருந்தைக் காவல் காக்கின்றன. வெள்ளணுவும் பிளேட்லெட்டும் எலும்பு மஜ்ஜைக்காக, எஸ்.ஜி.பி.டி. கல்லீரலுக்காக. கிரியாட்டினின் ஏன் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் அதே மாத்திரை உடம்பில் தேங்கும். நோயின் சூட்டைச் சொல்ல ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் உண்டு. ஆனால் சொத்தைப் பல்லுக்கும் சி.ஆர்.பி. ஏறும். மழைக்காலத்துத் தில்லியில் டெங்கு வந்தால் பிளேட்லெட் இறங்கும், பழி மாத்திரைமேல் விழும். அதனால் ரிப்போர்ட்டோடு ‘போன வாரம் காய்ச்சல்’ என்பதையும் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். காய்ச்சல் நாளில் அந்த வார மாத்திரையைப் போடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

நோய் முடிவானபின், அதைக் கண்டறிய உதவும் ஆர்.ஏ. ஃபேக்டரையும் ஆன்டி சி.சி.பி.யையும் ஒவ்வொரு தடவையும் எடுப்பது என் கணக்கில் தண்டச் செலவு. ‘ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்’ என்று தனியார் லேப்கள் அதைத்தான் விற்கின்றன. எய்ம்ஸிலோ 2022 மே முதல் 300 ரூபாய் வரையிலான பரிசோதனைகளுக்குக் கட்டணமே இல்லை. முடக்குவாதத்துக்கே கொடுக்கும் இன்னொரு மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தைவிட முக்கியமானது கண் பரிசோதனை, அதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். மாத்திரைகள் கேட்காதபோது அடாலிமுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. 2014இல் இந்திய நிறுவனம் ஒன்றே அடாலிமுமாபின் நகலைக் கொண்டுவந்தது. ஆனாலும் அதைப் போடும் முன், உடம்புக்குள் காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நம் நாட்டில் அந்தச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது.

எல்லாம் நார்மலாக வந்த மாதத்தில்தான் அந்தக் கேள்வி எழும்: ‘இனி நிறுத்திடலாமா டாக்டர்?’ நார்மல் என்று காட்டுவதே மாத்திரைதான். மாதக்கணக்கில் வீக்கமே இல்லை என்றால் டாக்டர் தாமாகவே குறைப்பார், ஒன்றன்பின் ஒன்றாக. கூடவே ஸ்டீராய்டும் கொடுத்திருந்தால், முதலில் குறைப்பது பெரும்பாலும் அதைத்தான்.