வெயில்... தண்ணீர்... பீங்கான் நூல்! ஹைட்ரஜன் தயாரிப்பில் கடலூர் மாவட்டத்துக்கு என்ன வேலை?

கடலூர் மாவட்டத்தில் எரிபொருள் என்றால் நெய்வேலி. பீங்கான் என்றால் விருத்தாசலம். இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் ஹைட்ரஜனைப் பிரித்துக் கொடுக்கும் பீங்கான் இழைகளை உலகின் பல ஆய்வகங்களில் உருவாக்கி வருகிறார்கள்.

ஹைட்ரஜன் எரிந்தால் புகை கிடையாது, நீராவிதான் மிஞ்சும். சிக்கல் அதைத் தயாரிப்பதில்தான். இன்று பெரும்பகுதி ஹைட்ரஜன் இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்தே எடுக்கப்படுகிறது. அப்போது கரியமில வாயுவும் ஏராளமாக வெளியேறுகிறது.

பெயின்ட் டப்பாவில் இருக்கும் பொருள்!

1972-ல் ஜப்பானின் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு மீது புற ஊதா ஒளி பட்டால், தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது என்பதே அது. வெள்ளை பெயின்ட்டிலும் சன் ஸ்கிரீனிலும் இருக்கும் அதே பொருள்தான். ஒளி பட்டதும் அதிலுள்ள எலெக்ட்ரான் துள்ளி எழுந்து ஹைட்ரஜனை உருவாக்குகிறது. எலெக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம் ஆக்சிஜனை உருவாக்குகிறது.

பொடி இருக்க, நூல் எதற்கு?

பொடியைத் தண்ணீரில் கலந்துவிட்டால் திரும்ப வடிகட்டி எடுப்பது பெரும்பாடு. நூலாக இருந்தால் துணி போல அப்படியே வெளியே எடுத்துவிடலாம். செய்முறை கிட்டத்தட்ட இடியாப்பம் பிழிவது போலத்தான். டைட்டானியம் சேர்மம் கலந்த பாலிமர் கரைசலை ஊசி வழியாகச் செலுத்தி, உயர் மின்னழுத்தம் கொடுப்பார்கள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை வரும். அதைச் சூளையில் சுமார் 500 டிகிரியில் சுட்டால் பாலிமர் எரிந்துபோய், பீங்கான் இழை மட்டும் மிஞ்சும்.

எங்கே இடிக்கிறது?

டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதா ஒளிக்குத்தான் வேலை செய்யும். சூரிய ஒளியிலோ அதன் பங்கு சுமார் 5 சதவிகிதம்தான். 2021-ல் ஜப்பானில் இதேபோன்ற இன்னொரு பொருளைப் பூசிய பலகைகளை 100 சதுர மீட்டர் பரப்பில் வைத்துப் பார்த்தார்கள். சூரிய ஆற்றலில் அதிகபட்சமாக 0.76 சதவிகிதம் மட்டுமே ஹைட்ரஜனாக மாறியது. வீட்டுக்கூரை சோலார் பேனல்கள் சுமார் 20 சதவிகிதத்தை மின்சாரமாக்குகின்றன. அதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

நம் ஊருக்கு என்ன?

1962-ல் மின் உற்பத்தியைத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் ஓய்வுபெற்றுவிட்டது. பழுப்பு நிலக்கரி என்றைக்கும் கிடைத்துக்கொண்டே இருக்காது. மத்திய அரசு 2023-ல் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி செய்வதே அப்போது அறிவிக்கப்பட்ட இலக்கு. இப்போதைக்கு அது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் முறையையே நம்பியிருக்கிறது.

ஆனால், அடுத்த கட்டத்துக்கான அறிவு இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வாளர்கள், இதே வகைப் பொருள்களைக் கொண்டு சாயக்கழிவை ஒளியால் சிதைக்கும் ஆய்வுகளைப் பல ஆண்டுகளாகச் செய்திருக்கிறார்கள். சூளை வேலை தெரிந்த தொழிலாளர்கள் விருத்தாசலத்தில் இருக்கிறார்கள். செராமிக் படிப்பு சொல்லித்தரும் அரசுக் கல்வி நிறுவனமும் அங்கே இருக்கிறது.

சுரங்கம் ஓயும் நாளில் நம் பிள்ளைகளுக்கு இங்கேயே வேலை வேண்டுமென்றால், ஆய்வகமும் சூளையும் இப்போதே கைகோக்க வேண்டும். வெயிலுக்குத்தான் இங்கே பஞ்சமே இல்லையே!