கொலுப்படியில் ஒரு கீரைத்தோட்டம்

சில வாரங்களுக்கு முன் எம் மருத்துவமனையின் உணவு ஆலோசனை அறைக்கு வந்த இளைஞர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ஊதா நிற விளக்கொளியில், நூலக அலமாரி போன்ற அடுக்குகளில், மண்ணே இல்லாமல் கீரை செழித்து நின்றது. "சிங்கப்பூரில் இப்படித்தான் விளைவிக்கிறார்களாம். எங்கள் வீட்டு மாடியில் இதைச் செய்ய முடியுமா? அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. மருந்து தெளிக்காத நல்ல கீரையாக அவருக்குக் கொடுக்க வேண்டும்" என்றார்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையும் அய்யலூர்த் தக்காளியும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, வடமதுரையில் ஒருவர் இப்படிக் கேட்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் வீட்டுக்குப் பின்னால் கொல்லை என்று ஒன்று இருந்த காலம் நம் ஊரிலும் கழிந்து வருகிறது. முருங்கை நின்ற இடத்தில் இப்போது சிமெண்டுத் தளம். அவருடைய கேள்வியில் இரண்டு கேள்விகள் இருந்தன: அடுக்குத் தோட்டம் நம் வீட்டில் இயலுமா என்பது ஒன்று; அந்தக் கீரையை அவர் தந்தை உண்ணலாமா என்பது மற்றொன்று. அன்று நேரமின்மையால் சுருக்கமாகவே விடையளித்தோம். விரிவான விடை இங்கே.

அடுக்குப் பண்ணை என்னும் எண்ணத்தை உலகறியச் செய்தவர் வேளாண் அறிஞர் அல்லர். மருத்துவத் துறையைச் சார்ந்தவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணிகளை, அதாவது நம் குடலிலும் தசையிலும் குடியேறும் புழு முதலியவற்றை, ஆராய்ந்த பேராசிரியர் டிக்சன் டெஸ்போமியர். மனிதக் கழிவு உரமாக வயலுக்குப் போய், புழுவின் முட்டைகள் காய்கறி வழியாக மீண்டும் மனிதருக்கே வந்து சேரும் சுழற்சியை நன்கறிந்தவர். 1999 ஆம் ஆண்டு அவருடைய மாணவர்கள் மன்ஹாட்டன் தீவின் மொட்டைமாடிகள் அனைத்திலும் பயிரிட்டால் எத்தனை பேருக்கு உணவு கிடைக்கும் என்று கணக்கிட்டனர். மக்கள்தொகையில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினருக்குத்தான் என்றது கணக்கு. அப்படியானால் மாடியோடு நில்லாமல் கட்டடத்தின் ஒவ்வொரு தளத்திலும் விளைவித்தால் என்ன என்று அவர் கேட்டார். 2010 இல் அதை ஒரு நூலாகவும் எழுதினார்.

அந்த எண்ணத்துக்கு முதலில் உருக்கொடுத்த நாடுகளுள் சிங்கப்பூர் ஒன்று. உண்ணும் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் தீவு அது. லிம் சூ காங் என்னும் பகுதியில் 2012 இல் 'ஸ்கை கிரீன்ஸ்' என்ற பண்ணை வணிக அளவில் விற்பனையைத் தொடங்கியது. ஏறத்தாழ 9 மீட்டர் உயரமுள்ள அலுமினியச் சட்டங்களில் கீரைத் தட்டுகள் இராட்டினம் போல மெல்லச் சுழன்று மேலேறி இறங்கும். மேலே வரும்போது வெயில், கீழே வரும்போது நீர். ஒரு சட்டத்தைச் சுழற்ற 40 வாட் குமிழ்விளக்குக்கு வேண்டிய மின்சாரமே போதும் என்றார்கள். நம் இளைஞரின் காணொளியில் இருந்த ஊதா விளக்கு அங்கே இல்லை; ஒளி கதிரவனுடையது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

ஏனெனில் விளக்கை நம்பிய பண்ணைகள் பல தடுமாறின. அமெரிக்காவின் ஏரோஃபார்ம்ஸ் நிறுவனம் 2023 இல் கடன்தீர்க்க இயலாமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. பவரி ஃபார்மிங் 2024 இல் மூடப்பட்டது. 2030 க்குள் தன் ஊட்டத் தேவையில் 30 விழுக்காட்டைத் தானே விளைவிக்கும் திறனைப் பெறுவது என்று 2019 இல் அறிவித்த சிங்கப்பூரும், 2025 இல் அந்த இலக்கை விலக்கி வேறு இலக்குகளை வகுத்துக்கொண்டது. பல காரணங்கள் கூறப்பட்டாலும் மின்கட்டணம் அவற்றுள் முதன்மையானது. அரிசோனா மாநிலத்தை முன்வைத்து 2015 இல் வெளியான ஓர் ஆய்வு, மூடிய பசுமைக்குடிலில் நீர்வழி வளர்க்கும் ஒரு கிலோ லெட்டூஸ் கீரைக்கு 20 லிட்டர் நீரும், வயலில் விளைவதற்கு 250 லிட்டர் நீரும் ஆகும் என்று மதிப்பிட்டது. நீரில் இவ்வளவு சேமிப்பு! ஆனால் அதே கிலோவுக்குச் செலவாகும் ஆற்றல், நம் மின்அட்டைக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 25 யூனிட். ஒரு கிலோ கீரைக்கு 25 யூனிட் என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்?

வெயிலுக்குக் குறைவில்லாத திண்டுக்கல் சமவெளியில் விளக்கு ஏற்றிக் கீரை வளர்ப்பது, பகலில் பந்தம் பிடிப்பதற்கு நிகர். உயரத்தில் பயிரிடுவதும் நமக்குப் புதிதன்று. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்திமேல் கொடி ஏறுகிறது. அகத்தி கீரையும் தருகிறது. சிறுமலையில் மரத்தடியில் காப்பியும், மரத்தின்மேல் மிளகுக் கொடியும் வளர்கின்றன. புடலுக்கும் பாகலுக்கும் பந்தல் போடாத ஊர் இங்கு ஏது? அந்த அறிவை ஒரு சுவரோரத்துக்குச் சுருக்கினால் போதும். தமிழக அரசின் தோட்டக்கலைத் துறையும் 2013-14 இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்துக்கான பொருள்களைத் தொகுப்பாக மானிய விலையில் வழங்கத் தொடங்கியது.

எம் சமையற்கூடத்தின் பின்புறம் நாங்கள் ஒரு சட்டம் அமைத்துப் பார்த்தோம். முதலில் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறோம். புத்தக அலமாரி போல நேர்ச்செங்குத்தாக நான்கு தட்டு வைத்தோம். மேல்தட்டில் சிறுகீரை தழைத்தது. கீழ்த்தட்டுகளில் வெளிறி நீண்டு தலைசாய்ந்தது. ஒரு தட்டின் நிழல் மறுதட்டின்மேல் விழுந்ததே காரணம். பிறகு நவராத்திரிக் கொலுப்படி போல, ஒவ்வொரு தட்டும் மேலுள்ளதைவிட ஒரு சாண் முன்தள்ளி நிற்குமாறு மாற்றினோம். மூன்று படிகளே வைத்தோம். கீரை தேறியது. சற்று நிழலைப் பொறுக்கும் புதினாவைக் கீழ்ப்படியின் ஓரத்தில் வைத்தோம்.

எந்தச் சுவர் என்பதிலும் கவனம் வேண்டும். மேலை நாட்டு நூல்கள் தெற்கு நோக்கிய சுவரைப் பரிந்துரைக்கும். அது அவர்கள் ஊர்க் கதிரவனுக்குப் பொருந்தும். நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து பத்தரைப் பாகையளவே வடக்கே உள்ளது. சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் வெயில் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். அம்மாதங்களில் தெற்குச் சுவரோரம் நிழலாகிவிடும். ஆண்டு முழுதும் காலை வெயில் பெற்று, பிற்பகல் அனலிலிருந்து தப்பும் கிழக்குச் சுவரே கீரைக்கு ஏற்றது.

மாடியில் வைப்போர் எடையைக் கருத வேண்டும். மக்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்குக் கட்டடப் பொறியாளர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஓர் அடி உயரத்துக்கு ஈரமண் நிரப்பினால் அதே பரப்பில் 450 கிலோவைத் தாண்டும். கீரைக்கு அரை அடி ஆழமே போதும். மண்ணோடு தென்னை நார்க்கழிவையும் மட்கிய எருவையும் கலந்தால் எடை வெகுவாகக் குறையும். பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் தாங்கும் ஓரங்களில் வைக்கவும். பழைய மச்சு வீடாயின் தரையிலேயே வைத்துக்கொள்வது நன்று. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் சில வாரங்களில் பையின் மேல் வெண்படலம் படியும். அரிசி கழுவிய நீரும் பிடித்துவைத்த மழைநீரும் அதைவிட மேல்.

ஒரு மருத்துவமனையாக நாங்கள் பெரிதும் அஞ்சுவது தட்டின் அடியில் தேங்கும் நீரை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவம் அடைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். முட்டைகளோ உலர்ந்த தட்டின் விளிம்பிலேயே மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒரு நாள் குறித்து, தட்டை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். நோயாளிக்காக வைத்த தோட்டமே தெருவுக்குக் காய்ச்சலைத் தந்துவிடக் கூடாது அல்லவா?

இனி அந்த இளைஞரின் இரண்டாம் கேள்வி. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் பலரின் குருதியில் பொட்டாசியம் தேங்கும். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பையே குலைக்கும். கீரைகள் பெரும்பாலும் பொட்டாசியம் மிகுந்தவை. மருந்து தெளிக்காமல், சொந்தக் கையால் வளர்த்தது என்பதால் அது குறைவதில்லை. 'கீரை வெந்த நீரைக் கொட்டாதே, சத்தெல்லாம் அதில்தான்' என்று நம் வீட்டு மூத்தோர் சொல்வது உண்மை. அந்த உண்மைதான் இவர்களுக்கு ஆபத்து. நறுக்கிய கீரையை மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் குறையும், முற்றிலும் நீங்காது. முருங்கைக்கீரைச் சூப்பை அன்போடு கொடுப்பது, வடிக்க வேண்டியதையே வடித்துக் கொடுப்பதாகும். எவ்வளவு, எத்தனை நாளுக்கொரு முறை, அல்லது வேண்டவே வேண்டாமா என்பதை அவர் தந்தையின் குருதிப் பரிசோதனை பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும்.

செயற்கை இதயத் தடுக்கிதழ் பொருத்தப்பட்டு, குருதி உறையாதிருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் உட்கொள்வோருக்குச் சிக்கல் வேறுவகை. கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேகத்தைத் தணிக்கும். அவர்கள் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்ண வேண்டும். மூன்று படியும் ஒருசேர அறுவடைக்கு வந்த வாரத்தில் மூன்று வேளையும் கீரை என்றாகிவிடுவதுதான் தோட்டம் வைத்த வீடுகளில் நேர்வது. படிக்குப் பத்து நாள் இடைவெளி விட்டு விதைத்தால் அறுவடையும் முறைவைத்து வரும்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோரும், உறுப்புமாற்றம் செய்துகொண்டோரும் எருவைக் கிளறும் வேலையைப் பிறரிடம் விட வேண்டும். மண்ணிலுள்ள பூஞ்சை அவர்கள் நுரையீரலைத் தாக்கக்கூடும். கீரையை நன்கு கழுவி, வேகவைத்தே உண்ண வேண்டும். நீரிழிவு உள்ளோர் செருப்பின்றித் தோட்டத்தில் இறங்க வேண்டாம். உணர்வு மழுங்கிய பாதத்தில் ஏறிய முள்ளை மாலையில் குருதி கண்டுதான் அறிந்தார் என்னும் கதையை எம் கட்டுப்போடும் அறையில் கேட்காத வாரம் குறைவு.

அந்த இளைஞர் மறுமுறை வந்தபோது, தந்தையின் பரிசோதனைத் தாளையும் உடன் கொண்டுவந்திருந்தார். பொட்டாசியம் கூடுதலாகவே இருந்தது. இப்போதைக்குக் கீரை அவருக்கில்லை என்றார் மருத்துவர். தோட்டத்தை விட்டுவிடுவீர்களா என்று கேட்டோம். கிழக்குச் சுவரோரம் மூன்று படி அடித்தாகிவிட்டதாம். மேற்படியில் வெந்தயக்கீரை முளைவிட்டிருக்கிறதாம். அவர் மனைவிக்கு இது ஏழாம் மாதம். இரத்தசோகை இருப்பதால் அவரைக் கீரை சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நீர் ஊற்றுவதைத் தந்தை தாமே ஏற்றுக்கொண்டாராம்.