பலர் கைகள் தாங்கும் படகு



கோடையில் ஆற்றின் நடுவே பாய் விரித்துச் செல்லும் ஒரு படகைக் கரையில் நின்று பார்க்கிறோம். காற்று அதை இழுத்துச் செல்கிறது என்கிறோம். அது உண்மைதான். ஆனால் அந்தக் காற்றைத் தாங்கும் பாயும், பாயைத் தாங்கும் மரமும், மரத்தைத் தாங்கும் அடிப்பலகைகளும் முந்தைய குளிர்காலம் முழுவதும் பலருடைய உழைப்பால் செப்பனிடப்பட்டவை. அந்த உழைப்பை யாரும் கரையில் நின்று பார்ப்பதில்லை. பார்க்கப்படாத அந்த வேலையைப் பற்றியே இன்று சிந்திப்போம். இதற்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் ஓடிய 'கிளியர்வாட்டர்' என்னும் பாய்மரப் படகை எடுத்துக்கொள்வோம். 'தெளிந்த நீர்' என்பதே இப்பெயரின் பொருள்.

ஒரு படகு பிறந்த கதை

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஹட்சன் ஆற்றில் ஒற்றைப் பாய்மரம் கொண்ட சரக்குப் படகுகள் நிறைய ஓடின. நீராவிக் கப்பல்களும் இரயிலும் வந்தபின் அவை மறைந்தன. ஆறும் மெல்ல மெல்லச் சாக்கடையாக மாறியது. ஊர்களின் கழிவும் ஆலைகளின் கழிவும் அதில் கலந்தன.

நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரும் அவர் மனைவி தோஷியும் அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள். பழைய படகு ஒன்றை மீண்டும் கட்டி ஆற்றில் ஓட்டினால், மக்கள் ஆற்றைத் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்தால் நேசிப்பார்கள், நேசித்தால் காப்பார்கள் என்பது அவர்களது எண்ணம். 1966-இல் அதற்காக ஓர் அமைப்பு தொடங்கியது. மேய்ன் மாநிலத்தின் சவுத் பிரிஸ்டல் ஊரில் உள்ள கப்பல் கட்டும் தளத்தில் மரத்தாலேயே கட்டப்பட்ட படகு, 1969 மே 17 அன்று நீரில் இறக்கப்பட்டது. அதன் நீளம் 106 அடி. பாய்மரத்தின் உயரம் 108 அடி. பாய்களின் மொத்தப் பரப்பு 4,305 சதுர அடி.

1970-இல் இந்தப் படகு தலைநகர் வாஷிங்டன் வரை சென்று தூய நீருக்காகக் குரல் கொடுத்தது. 1972-இல் தூய நீர்ச் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பலருடைய போராட்டம் காரணம்; அவர்களுள் இந்தப் படகின் மக்களும் இருந்தார்கள். அதன்பின் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் இதில் ஏறி, வலையில் சிக்கும் மீன்களைத் தொட்டுப் பார்த்து, ஆற்றைப் பற்றிக் கற்றார்கள்.

குளிர்காலத்தில் நடப்பது என்ன?

மரப்படகுக்கு மழைநீரே பெரிய பகை என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். உப்பு நீர் மரத்தைக் காக்கும். தளத்தின் இடுக்குகள் வழியே கசிந்து உள்ளே தேங்கும் நன்னீர்தான் மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது. அதனால்தான் அக்காலத்துப் படகு கட்டுவோர் விலாச் சட்டங்களுக்கு இடையே கல்லுப்பைக் கொட்டி வைத்தார்கள்.

எனவே இலையுதிர் காலத்தின் முடிவில் முதல் வேலை, படகைக் களைந்து மூடுவது. பாய்களை இறக்கி, ஈரம் போக உலர்த்தி, மடித்து வைக்கிறார்கள். கயிறுகளையும் கப்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று சீட்டுக் கட்டி வைக்கிறார்கள். தளத்தின்மேல் பந்தல் போலச் சட்டம் அடித்து மூடுகிறார்கள். கிளியர்வாட்டர் பல குளிர்காலங்களை, நியூயார்க் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் உள்ள கிங்ஸ்டன் ஊரின் ஓடையில் இவ்வாறு கழித்தது.

அடுத்தது மரத்தைச் சோதிப்பது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். மக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் வந்த இடத்தில் கூரான ஊசியால் குத்திப் பார்ப்பார்கள். ஊசி எளிதாக உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புது மரம் பொருத்த வேண்டும். இதற்குக் கைதேர்ந்த தச்சர் தேவை.

பலகைகளுக்கு இடையிலான இடுக்குகளில் பருத்தி இழையையும் தார் ஊட்டிய சணலையும் வைத்து, மழுங்கிய உளியாலும் கொட்டாப்புளியாலும் அடித்து அடைக்கிறார்கள். நம் கடற்கரையில் கலப்பத்து அடிப்பது என்பார்களே, அந்த வேலைதான் இது. குறைவாக அடித்தால் நீர் கசியும். அளவுக்கு மிஞ்சி அடித்தால், பலகை நீரில் ஊறிப் பருக்கும்போது இடமின்றிச் சட்டத்தையே நெருக்கும். அளவை அறிந்த கை வேண்டும்.

பிறகு தேய்ப்பதும் பூசுவதும். வெயில் வார்னிஷைச் சிதைத்துவிடும். ஆகையால் பாய்மரத்தையும், பாயை விரித்துப் பிடிக்கும் மரங்களையும், கப்பிகளையும் உப்புத்தாளால் தேய்த்து, தூசு துடைத்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை பூச வேண்டும். ஒரு பூச்சு நன்றாகக் காயாமல் அடுத்தது கூடாது. படகை நீரிலிருந்து தூக்கும் காலத்தில் அடிப்பகுதியில் ஒட்டிய சிப்பிகளையும் பாசியையும் சுரண்டி, அவை மீண்டும் ஒட்டாதிருக்கச் செம்பு கலந்த வண்ணம் பூசுவார்கள். நீருக்கடியில் உள்ள உலோகப் பாகங்களோடு துத்தநாகக் கட்டிகளை இணைப்பதும் உண்டு. அந்தப் பாகங்களுக்குப் பதிலாகத் துத்தநாகம் தான் அரிந்து கரையும். கரைந்து தீர்ந்ததும் புதிதாக மாட்ட வேண்டும்.

வசந்தம் வந்ததும் எல்லாம் தலைகீழாக நடக்கும். கயிறுகள் திரும்ப ஏறும், பாய்கள் கட்டப்படும். பயணிகளை ஏற்றும் படகு என்பதால் கடலோரக் காவல் படையின் ஆய்வாளர்கள் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

தெரியாதவர்களின் கைகள்

இத்தனை வேலையையும் ஊதியத்துக்கு ஆள் வைத்துச் செய்வதென்றால் எந்தச் சிறிய அமைப்பாலும் இயலாது. எனவே ஊதியம் பெறும் சிறு குழுவோடு தன்னார்வலர்கள் சேர்ந்து உழைத்தார்கள். அவர்களில் பலர் அதற்குமுன் கப்பியைக் கையில் பிடித்ததே இல்லை.

இங்கே நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய ஒன்று உண்டு. நல்ல மனது மட்டும் ஒரு படகைக் காப்பாற்றாது. ஆர்வத்தோடு வந்த ஒருவர், மக்கிய மரத்தின்மேல் அழகாக வண்ணம் பூசிவிட்டால் என்ன ஆகும்? படகு பளபளக்கும், பார்ப்பவர் பாராட்டுவர். ஆனால் பூச்சுக்கு அடியில் அழிவு தொடரும். கோடையில் அந்தத் தளத்தின்மேல் நிற்கப் போவது பள்ளிப் பிள்ளைகள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யும் கவனக்குறைவுக்கு அவர்கள் விலை கொடுக்க நேரலாம்.

அதனால் இத்தகைய இடங்களில் வேலைகள் பிரித்துத் தரப்படுகின்றன. சட்டத்தை மாற்றுவதும் பலகையைப் பொருத்துவதும் தச்சருடைய பணி. தேய்த்தல், பூசுதல், கயிற்றுக்குத் தார் தடவுதல், கருவிகளைத் துடைத்து அடுக்குதல், சமைத்துப் பரிமாறுதல் ஆகியவை மற்றவர்களுடையவை. புதிதாக வருகிறவருக்கு முதலில் ஒருவர் செய்து காட்டுவார், பிறகு செய்ய விட்டு உடனிருந்து பார்ப்பார். தேய்க்கும்போது மரம் மென்மையாகத் தெரிந்தால், மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். குறையைக் கண்டு சொல்லும் அந்தத் தன்னார்வலர், பத்துப் பேர் பூசும் வண்ணத்தைவிடப் பெரிய உதவியைச் செய்கிறார்.

கற்றுக்கொடுப்பவருக்கும் பொறுமை வேண்டும். தானே செய்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை, புதியவரிடம் கொடுத்தால் அரைநாள் ஆகும். ஆனால் கொடுக்காமல் இருந்தால், அவருக்குப் பின் அந்த வேலையை அறிந்தவர் இருக்க மாட்டார். மரப்படகு கட்டும் கலை பல இடங்களில் இப்படித்தான் மறைந்தது.

முடிவில்லாத பணி

இவ்வளவும் செய்த பிறகும் படகு நிரந்தரமாகச் சரியாகிவிடுவதில்லை. 2015-16 குளிர்காலத்தில் கிளியர்வாட்டரை நீரிலிருந்து தூக்கி, ஒரு தெப்பத்தின்மேல் வைத்து, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதிகளைப் பெரிய அளவில் சீரமைக்க வேண்டியிருந்தது. அப்போது அதற்கு வயது 46. பீட் சீகர் 2014 ஜனவரியில் தமது 94-ஆம் வயதில் காலமாகியிருந்தார். தொடங்கியவர் போனபின்னும் வேலை நின்றுவிடவில்லை.

ஆற்றின் கதையும் இதுவே. சட்டம் வந்தபின் ஹட்சனின் நீர் வெகுவாகத் தூய்மையடைந்தது. ஆனால் ஆற்றடியில் படிந்த இரசாயன நஞ்சைத் தோண்டி எடுக்கும் பணி 2009-இல்தான் தொடங்கி 2015 வரை நடந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நியூயார்க் துறைமுகத்தின் நீர் தெளியத் தெளிய, மாசு மிகுந்த காலத்தில் குறைந்திருந்த மரம் துளைக்கும் கடற்புழுக்களும் திரும்பி வந்து, பழைய படகுத்துறைகளின் மரத்தூண்களை அரிக்கத் தொடங்கின. நன்மை வந்தால் அதனோடு புதிய கவனிப்பும் வரவேண்டியிருக்கிறது.

நமது சிந்தனைக்கு

திருவிழாவுக்கு முன் சப்பரத்தைத் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் இட்டு, விளக்குகளைச் சோதிக்கும் இளைஞர்களை நம் பங்குகளில் பார்த்திருக்கிறோம். திருவிழா அன்று அவர்கள் கூட்டத்தில் ஒருவராக நிற்பார்கள். சப்பரம் வழியில் நிற்காமல் சென்றதே அவர்களுக்குக் கிடைக்கும் பாராட்டு.

நாமும் ஏதேனும் ஒரு பொதுப் பணியில் கைகொடுக்க முன்வரும்போது, நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: தெரியாததைக் கேட்டுக் கற்க நமக்கு மனம் இருக்கிறதா? மேலே பூசுவதற்கு முன் அடியில் தட்டிப் பார்க்கிறோமா? கண்ட குறையைச் சொல்லத் துணிகிறோமா? நமக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கிறோமா? அடுத்த ஆண்டும் இதே வேலை காத்திருக்கும் என்று தெரிந்தும் திரும்பி வருகிறோமா? இந்தக் கேள்விகளுக்கு 'ஆம்' என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கும்வரை, எந்தப் படகும் கரையில் கிடந்து மக்கிப்போகாது.