கடுகண்ணாவைக் கோபுரத்திலிருந்து பேராதனை வரை

கொழும்பு–கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவையில் அவருக்கு ஒரு நினைவுக் கோபுரம் நிற்கிறது. இன்றைய வீதித் திட்டத்திலோ பொறுப்பு பலரிடம் பிரிந்திருக்கிறது.

ஒப்பந்தகாரரின் தளப் பொறியியலாளர் வேலையை நடத்துவார். ஆலோசனை நிறுவனத்தின் வதிவிடப் பொறியியலாளர் அதைச் சரிபார்ப்பார். மண் போதிய அளவு இறுகியதா என்று ஆய்வுகூடம் சோதித்துச் சொன்ன பிறகே அடுத்த படை போட வேண்டும். கணிய அளவையாளர் அளந்து கணக்கிட்டால்தான் பணம் வரும். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் உழைப்பு வெளியே தெரிவதேயில்லை, தெரிய வேண்டும்.

மலைநாட்டில் எல்லோருக்கும் பொதுவான கவலை, தண்ணீர். மழைநீர் வடிய வழியில்லாவிட்டால் சரிவு சரிந்து வீதியையும் இழுத்துச் செல்லும்.

1950இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் பின்னர் இதே மலைநாட்டிலுள்ள பேராதனைக்கு வந்தது. அதன் மாணவர்களுக்கு அந்தச் சரிவுகள் கண்ணெதிரிலேயே இருக்கின்றன.